இடது காலால் ஓடும் பஸ்

அந்த வருடத்து இளவேனிலில் பாலேந்திராவோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது சரோஜினிதேவிக்குப் பெரும்பாடாக இருந்தது. மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே மேசைக்குக் கீழே இடது காலால் எதையோ அமத்துவார். எதிரே இருக்கிற மனைவியின் கால்தான் பெரும்பாலும் அகப்படும். அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "உங்கட பஸ்சை வெளியில கொண்டுபோய் விடுங்கோ," என்பாள்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அறுபத்தொரு வயதில் காலுக்குப் புதுப்பாடம். இருபத்தேழு வருடமாக டெனிஷ் நாட்டு ஒடென்ஸ நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். வலது காலால்தான் வேகம், அதே வலது காலால்தான் பிரேக். ஊரில் எந்த வாகனமும் அப்படித்தான். ஆனால் நகரத்துக்கு வெளியே, ஒரு பழைய மரவாடிக் கொட்டகைக்குள் நின்ற ட்ரொலி பஸ் வேறு சாதி. அதில் கரண்ட் கொடுக்கும் பெடல் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. முதல்நாள் பழகும்போது வேகமெடுக்க நினைத்து பிரேக்கில் ஏறி மிதித்துவிட்டார். பஸ்ஸைத் திருத்தியெடுத்துப் பின்னால் நின்ற நாலு கிழவர்களும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் பயிற்சி தொடங்கிவிட்டது.

அந்தப் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1939இல் ஒடென்ஸவுக்கு ட்ரொலி பஸ் வந்தது. தண்டவாளம் கிடையாது, றப்பர் சக்கரம்தான். தெருவுக்கு மேலே இரண்டு கம்பி, பஸ்ஸின் கூரையில் இரண்டு நீளக்கோல். கோல்கள் கம்பியைத் தொட்டால் கரண்ட் வரும், வண்டி சத்தமில்லாமல் போகும். யுத்தம் வந்து பெற்றோலுக்குப் பஞ்சம் பிடித்த காலத்திலும் அது தன்பாட்டில் ஓடியது. பிறகு டீசலும் மலிந்தது, கம்பி கட்டிப் பராமரிப்பது தொல்லையாகவும் போயிற்று. 1959இல் நகரசபை கம்பிகளைக் கழற்றிச் சுருட்டியது. அறுபது வருடம் கழித்து அதே நகரத்தில் பற்றரி பஸ் வந்து இறங்க, அதைப் பாலேந்திராதான் தினமும் ஓட்டுகிறார். "வேண்டாமெண்டு எறிஞ்ச மருமகளை விளக்கேத்தித் திரும்பக் கூப்பிட்ட மாதிரி," என்று இந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லத் தவறுவதில்லை.

அவரை அந்தக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனவர் ஐனார் என்ற டெனிஷ்காரர். எழுபத்தேழு வயது. பாலேந்திராவின் பஸ்ஸில் முன் ஆசனத்தில் ஏறி அமர்ந்து, அவர் வளைவு திருப்புகிற விதத்தையே ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு நாள் எடுப்பதில்லை. ஒருநாள் கடைசித் தரிப்பில் இறங்காமல் நின்று, பெரிய வண்டிக்கான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடத்துக்குச் செல்லும் என்று கேட்டார். ஐனாரின் தகப்பன் அந்தக் காலத்து ட்ரொலி பஸ் சாரதி. யாரோ ஒரு விவசாயி கோழிக்கூடாக வைத்திருந்த பழைய பஸ் ஒன்றை ஐனாரும் கூட்டாளிகளும் ஒரு சங்கமாகச் சேர்ந்து வாங்கிவந்து, பதினொரு வருடம் திருத்தினார்கள். கொட்டகையைச் சுற்றி அறுநூறு மீற்றருக்குக் கம்பியும் கட்டினார்கள். பஸ் ஓடத் தயாரான நேரத்தில் பார்த்தால், அதை ஓட்டத் தகுந்த அனுமதிப்பத்திரம் அவர்களில் ஒருவரிடமும் இல்லை. எல்லோருக்கும் வயது போய்விட்டது. அப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பாலேந்திரா அந்தச் சங்கத்தின் ஒரே சாரதி ஆனார்.

கொட்டகைச் சுவரில் ஐனார் மூன்று விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார். முதல் இரண்டும் சாதாரணமானவை. மூன்றாவது இப்படி: கோல்கள் கம்பியில் இருக்கும்போது, நிலத்தில் நின்றுகொண்டு பஸ்ஸின் இரும்பைத் தொடுகிறவர் அன்றைக்கு ஓட்டக்கூடாது.

காரணம் இருந்தது. றப்பர் சக்கரத்தில் நிற்கிற பஸ்ஸுக்கு நிலத்தோடு தொடுப்பில்லை. மேலே எங்காவது கரண்ட் கசிந்து பஸ்ஸின் இரும்பு உடம்புக்கு வந்தால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கால் நிலத்திலும் ஒரு கை பஸ்ஸிலுமாக ஏறுகிறவருக்குத்தான் அடிக்கும். அதனால் ஓட்டத்துக்கு முதல்நாளே ஐனார் மீற்றர் வைத்துப் பார்ப்பார். ஏறுகிற இடத்தில் தடித்த றப்பர் விரிப்பும் போடுவார். அவருடைய கண்டிப்பை எல்லோரும் பகிடி பண்ணுவார்கள், ஆனால் கேட்டு நடப்பார்கள்.

பாலேந்திராவுக்கும் ஒரு விதி இருந்தது. அது சுவரில் இல்லை. எந்த வாகனத்தில் ஏறமுன்னும் மிதிபலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதன்முதல் லொறி ஓட்டப் பழகிய நாளிலிருந்து வந்தது. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான். டிப்போவில் டெனிஷ்காரர் யாரும் பார்க்காதபடி, ஏதோ விழுந்ததை எடுப்பவர்போலக் குனிந்து தொடுவார். கொட்டகையிலும் அப்படியே. கோல்களைக் கம்பியில் ஏற்றுவதற்கு முன்பே தொட்டுக் கும்பிட்டுவிடுவதால் மூன்றாம் விதியோடு முட்டுப்பட்டதில்லை.

திறப்பு விழா ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்று தீர்மானமாயிற்று. நகரசபையிலிருந்து ஒரு அம்மா வந்து பதினொரு மணிக்கு நாடா வெட்டுவார். பத்திரிகைக்காரர் வருவார். அறுபத்தாறு வருடத்துக்குப் பிறகு ஒடென்ஸவில் ஒரு ட்ரொலி பஸ் ஆட்களை ஏற்றப்போகிறது, அதை ஓட்டப்போவது பாலேந்திரா. மனிதர் இதைக் கோல்டிங்கில் இருந்து விபோர்க் வரைக்கும் உள்ள தமிழருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். சொன்னதோடு நில்லாமல் வரவும் சொன்னார். பழைய சாரதிகள் போட்ட மாதிரி ஒரு தொப்பியை ஐனார் அவருக்குத் தேடிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றதை மகள் சாரங்கி பார்த்துவிட்டாள். அவள் டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரிக்க, அவர் தமிழில் வெட்கப்பட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒருவராவது அவர் முகத்தைப் பார்க்கத்தான் ஏறினார் என்று கிடையாது. ஒரே ஒரு நாள், ஆட்கள் பார்க்க, பெயர் சொல்லி, அந்த ஆசனத்தில் ஏறி அமர வேண்டும். அந்த ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் ஐனார் மீற்றர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பஸ்ஸை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பாலேந்திரா துணியைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். நாளைக்கு நல்லநாள். நல்லநாளுக்கு வாகனத்தைத் துணியால் ஒத்தி எடுப்பதா? ஊரில் சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் சைக்கிளைக்கூடக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் முழுக்காட்டித்தான் பொட்டு வைப்பார்கள். தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார். சக்கரம், பக்கம், ஜன்னல் என்று தொடங்கி, ஏணி வைத்து ஏறிக் கூரையையும் ஒரு பிடி பிடித்தார். கோல்கள் பொருத்தியிருந்த அடிப்பாகத்தில் பதினொரு வருடத்துத் தூசி. அதையும் விடவில்லை. வெயிலில் பஸ் பளபளவென்று நின்றபோது அவருக்கு மனம் குளிர்ந்தது. தேங்காய் உடைக்கவில்லையே என்ற குறை மட்டும்தான்.

ஞாயிறு காலை பத்தரைக்கே நூற்றைம்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். இரவு தூறிய மழையில் புல் ஈரமாக இருந்தது. பத்திரிகைக்காரர் கோல்கள் கம்பியில் இருக்கிற மாதிரிப் படம் கேட்டதால் ஐனார் வழக்கத்துக்கு முந்தியே அவற்றை ஏற்றிவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த பாலேந்திராவுக்கு அது தெரியாது. தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸின் மறுபக்கத்துச் சாரதிக் கதவுக்கு வந்தார். அங்கே யாரும் இல்லை. றப்பர் விரிப்பும் இல்லை. பெரிய நாள் என்பதால் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவைத்தார். குனிந்து மிதிபலகையைத் தொட்டார்.

சுரீர் என்றது.

கை தன்பாட்டில் பின்னால் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். மேலே கோல்கள் கம்பியில் இருந்தன. மூன்றாம் விதி அவருக்கு நினைவு வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் இப்படி விழா நாளில், வெறுங்காலோடா? ஒருவேளை மனப்பதற்றமாக இருக்கும் என்று, புறங்கையால் ஒருமுறை பட்டும் படாமலும் தட்டிப் பார்த்தார். மறுபடியும் சுரீர். பதற்றம் ஒன்றுமில்லை, கரண்ட்தான்.

யாரும் பார்க்கவில்லை. அதுதான் அந்த நேரத்தில் பெரிய தொல்லை. சொல்லாவிட்டால் அவர் ஏறி அமரலாம். ஏறுகிற பக்கத்தில் றப்பர் விரிப்பு இருக்கிறது, ஒன்றும் நடக்காமலும் போகலாம். சொன்னால் தான் தொட்டதைச் சொல்லவேண்டும். தொட்டதைச் சொன்னால் இன்றைக்கு ஆசனம் இல்லை. விருந்தாளியாக வந்திருந்த பிரெபன் என்பவர் ஜேர்மனியில் ட்ரொலி பஸ் ஓட்டிப் பழகியவர், அனுமதிப்பத்திரமும் உள்ளவர், கையைக் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றார்.

பாலேந்திரா பஸ்ஸின் முன்பக்கத்தால் எட்டிப் பார்த்தார். ஏறுகிற வரிசையில் முதலில் நின்றது சரோஜினிதேவி. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்திலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்திருந்தாள். எல்லோரும் தொண்ணூறை அண்டியவர்கள், சின்ன வயதில் இந்தப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். எட்டுப் பேரும் றோலேற்றர் என்கிற இரும்பு நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவற்றின் சக்கரங்கள் விரிப்பைத் தாண்டி ஈரப்புல்லில் நனைந்து நின்றன. ஒரு கை றோலேற்றரில் இருக்கும், மற்றக் கை பஸ்ஸின் கைபிடிக்குப் போகும்.

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? வெறுங்காலோடு புல்லில் நடந்துபோய், "சரோ, ஒருத்தரையும் கிட்ட விடாதையும்," என்றார். பிறகு ஐனாரிடம் போனார்.

ஐனார் கேள்வி கேட்கவில்லை. கயிற்றை இழுத்துக் கோல்களை இறக்கினார், மீற்றரை எடுத்துவந்து வைத்தார். ஊசி போகக்கூடாத பக்கம் போய் நின்றது. ஏணியில் ஏறிக் கூரைத் தகட்டைத் திறந்தால், கோலின் அடியில் ஒரு கோப்பை அளவு தண்ணீர் தேங்கி நின்றது. கொட்டகைக் கூரை இரவு மழையில் ஒழுகியிருக்க வேண்டும், தான்தான் காலையில் மறுபடி பார்த்திருக்க வேண்டும் என்று ஐனார் எல்லோருக்கும் கேட்கத் தன்னை நொந்துகொண்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

பாலேந்திராவுக்கு இரண்டாவது தடவையாகத் தப்ப ஒரு வாசல் திறந்தது. மழைமேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றிருக்கலாம். பதினொரு வருடம் உழைத்த மனிதன் செய்யாத பிழைக்குத் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"மழை இல்லை, ஐனார். நேற்று நான்தான் குழாயால் கழுவினேன். கூரையையும்."

"கூரையை ஏன்?"

நல்லநாளுக்கு முதல் வாகனத்தை முழுக்காட்டுவது எங்கள் வழக்கம் என்று டெனிஷில் சொல்லிப் பார்த்தார். சொல்லச்சொல்ல அது அவருக்கே முட்டாள்தனமாகக் கேட்டது. கசிவு எப்படித் தெரிந்தது என்று ஐனார் கேட்டார். அதையும் சொன்னார். சப்பாத்தைக் கழற்றியது, குனிந்தது, தொட்டது, கண்ணில் ஒற்ற இருந்தது, ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லி முடித்துத் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"மூன்றாம் விதி," என்றார்.

ஐனார் தொப்பியை வாங்கவில்லை. அவருடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கே கிடந்த மரக்குற்றியில் மெல்ல அமர்ந்தார்.

"என் அப்பாவும் இப்படிக் குனிவார்," என்றார். "மழை நாளில், கடைசித் தரிப்பில், கதவைத் திறக்கமுன் இறங்கி வந்து மிதிபலகைக்குப் பக்கத்தில் குனிவார். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சப்பாத்துக் கயிறு கட்டுகிறார் என்று நினைத்தேன்." தன் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து பார்த்தார். "அவர் போட்டது மரச் சப்பாத்து. அதற்குக் கயிறே இல்லை. இன்றைக்குத்தான் எனக்கு அது நினைவு வருகிறது."

பாலேந்திராவும் பக்கத்தில் அமர்ந்தார். கரண்ட் கசிகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்திருப்பார், அப்போதுதான் கை சுருண்டாலும் இரும்பைப் பிடிக்காது என்றார். ஐனார் தலையாட்டினார். பிறந்த நாளிலிருந்து பழகிய தகப்பனைப் பற்றி எழுபத்தேழு வயதில் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவருடைய முகம் அவருக்கு.

தண்ணீரை எடுக்கிற வேலை பிறகு தொடங்கியது. கொட்டகையில் ஒரு பெரிய சூட்டுக்காற்று யந்திரம் இருந்தது, ஆனால் கோலின் அடியில் அதன் வாய் போகாது. சரோஜினிதேவி இதைக் கேட்டுவிட்டு, மகளை வீட்டுக்கு அனுப்பித் தலைமயிர் காயவைக்கிற யந்திரத்தை எடுப்பித்தாள். நல்ல நீளமான தலைமயிர்க்காரி வீட்டு யந்திரம், அதற்குக் காற்று தாராளம். ஐனாரும் பாலேந்திராவும் கூரையில் மண்டியிட்டு இருந்து, மாறிமாறி அதைப் பிடித்தார்கள். நகரசபை அம்மா ஓடாத பஸ்ஸுக்கு முன்னால் நாடாவை வெட்டிவிட்டு அடுத்த விழாவுக்குப் போனார். பத்திரிகைக்காரர் மேலே பார்த்து ஒரு படம் எடுத்தார். தொப்பி போட்ட சாரதியின் படம் வரவேண்டிய இடத்தில் தலைமயிர் யந்திரம் பிடித்த பாலேந்திராவின் படம் வந்தது தனிக்கதை.

சனம் கலையவில்லை. சரோஜினிதேவி இருநூறு ஆட்டிறைச்சி றோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தாள். டெனிஷ்காரருக்கு உறைக்கும் என்று பாதியில் மிளகாயைக் குறைத்திருந்தாள், அவர்கள் உறைக்கிற பாதியைத்தான் முதலில் முடித்தார்கள். முதியோர் இல்லத்து எட்டுப் பேரும் வெயிலில் கதிரை போட்டிருந்து, தாங்கள் பள்ளிக்கூடம் போனபோது இந்தக் கோல்கள் கம்பியிலிருந்து நழுவியதையும், சாரதி இறங்கிக் கயிற்றோடு மல்லுக்கட்டியதையும், அதனால் பாடத்துக்குப் பிந்திப்போய்ச் சந்தோசப்பட்டதையும் சொல்லிச் சிரித்தார்கள். இவர்களுக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.

இரண்டு மணிக்கு மீற்றரின் ஊசி சரியான பக்கத்துக்குப் போயிற்று. ஐனார் மூன்றுதரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து ஒருகணம் கையில் வைத்திருந்தார். பாலேந்திரா அந்தக் கையையே பார்த்தார். கிழவன் மனமிரங்கிவிடுவானோ என்று ஒரு சின்ன ஆசை, வேண்டாம் என்று சொன்னால் கேட்காத ஆசை.

"விதி விதிதான்," என்றார் ஐனார். "இன்றைக்குப் பிரெபன் ஓட்டட்டும். அடுத்த ஞாயிறு நீ."

பாலேந்திரா தலையாட்டினார். வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஐனார் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அந்த ஆசனத்தில் அமர்ந்தபிறகு தனக்குக் கூசியிருக்கும் என்றும் அவருக்குத் தெரிந்தது. தொப்பி பிரெபனின் தலைக்குப் போனது. அவருக்கு அது கொஞ்சம் பெரிது. அதில் பாலேந்திராவுக்கு ஒரு அற்ப திருப்தி.

"ஒரு வேலை இருக்கிறது," என்று ஐனார் அவரைக் கையில் பிடித்து ஏறுகிற வாசலுக்குக் கூட்டிவந்தார். கோல்களை இன்னும் ஏற்றவில்லை. "மீற்றர் பார்த்துவிட்டது. நீ செய்ய வேண்டியதைச் செய். மறைந்து நிற்காதே."

நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்டிங்கிலிருந்து வந்தவர்களும் பார்த்தார்கள். பாலேந்திரா சப்பாத்தைக் கழற்றினார், குனிந்து மிதிபலகையைத் தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஐனாரும் குனிந்து புறங்கையால் ஒருமுறை தொட்டார். அவர் யாரை நினைத்தார் என்று கேட்கத் தேவையில்லை. அதன்பிறகுதான் கோல்கள் மேலே போயின.

எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக ஏற்றி முடித்து, சரோஜினிதேவி ஜன்னல் பக்கமாக ஒரு ஆசனத்தில் அமர்ந்தாள். பாலேந்திரா எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இருங்கோவன்."

அவர் அமர்ந்தார். அமர்ந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. இருபத்தேழு வருடத்தில் அவருடைய பஸ்ஸில் அவள் எத்தனையோ நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். அவர் முன்னால், அவள் பின்னால். கண்ணாடியில்தான் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்து போவது இதுதான் முதல்தரம்.

"மனவருத்தமோ?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"ஓம்," என்றார். "கொஞ்சம்."

பிரெபன் மணியை அடித்தார். பாலேந்திராவின் கண் முன்னால் இருந்த பாதையில் போய் நின்றது. கை மடியில் கிடந்தது, ஆனால் இடது கால் யாரையும் கேட்காமல் கீழே இறங்கி, அமத்தியது. சரோஜினிதேவியின் வலது கால்மேல்தான் அமத்தியது. அவர் திடுக்கிட்டு எடுக்கப் பார்த்தார்.

அவள் காலை இழுக்கவில்லை.

"விடுங்கோ," என்றாள். "மெல்ல மிதியுங்கோ, உள்ளுக்கு வயசான ஆக்கள் இருக்கினம்."

அவர் மெல்ல மிதித்தார். பஸ் சத்தமில்லாமல் நகர்ந்தது.